செட்டிங்ஸ் நோட்டு

மன்னார்குடி பந்தலடியில் இன்று செல்போன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடி அலமாரி, வெள்ளை விளக்கு, மாதத் தவணைக்கென்று தனி மேசை, எல்லாம் இருக்கின்றன. இல்லாமல் போனது, நாலு பேர் நின்றால் நிரம்பிவிடும் ஒரு ரீசார்ஜ் கடையும், அதில் உட்கார்ந்திருந்த ஓர் அண்ணனும், அவர் மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு குயர் நோட்டும்தான். அப்படியொரு கடை எங்கள் ஊரில் மட்டும் இருந்ததில்லை. பட்டுக்கோட்டையில், அறந்தாங்கியில், தென்காசியில், ஆம்பூரில், எங்கும் இருந்தது. கம்பெனிகள் டவர் கட்டின, சிம் விற்றன, விளம்பரத்துக்கு நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் கூட்டி வந்தன. விற்ற பொருள் வாங்கியவர் கையில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துக் கொடுத்தது அந்தக் கடைகள்தான்.

எங்கள் ஊர்க் கடை முதலில் எஸ்.டி.டி. பூத்தாக இருந்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு போட்ட மரக்கூண்டு, உள்ளே குட்டி மின்விசிறி, தலைக்கு மேலே சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர். இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து படியில் காத்திருப்பார்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பியிருந்த வீடுகளுக்கு அந்தக் கடை எண்தான் வீட்டு எண். அழைப்பு வந்தால் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றே சொல்வார். "பெரியம்மா, அரை மணி நேரத்துல தம்பி திரும்பக் கூப்பிடுறேன்னு சொல்லிச்சு, கெளம்பி வாங்க." இதற்கு அவர் காசு கேட்டு நான் பார்த்ததில்லை.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு. சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்ற இரண்டு கம்பெனிகள் சேவையைத் தொடங்கின. அப்போது பேசினாலும் காசு, வந்த போனை எடுத்தாலும் காசு. எங்கள் காவிரி டெல்டாக்காரர்களுக்கு அது பத்திரிகையில் படிக்கிற சங்கதியாகவே இருந்தது. 2003 மே 1 முதல் வருகிற அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகுதான் செல்போன் எங்கள் பக்கத்து வரப்புகளுக்கு வந்தது. அந்த வருடம் வெளியான நோக்கியா 1100, முனையில் டார்ச் விளக்கோடு, ராத்திரி மடை திறக்கப் போகிறவர்கள் மடியில் இருந்தது. அண்ணன் மரக்கூண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரீசார்ஜ் அட்டைகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டார். சிம்மைப் போட்டால் போன் ஓடியது. பேச்சும் மெசேஜும் தவிர அதில் வேறு வேலை இல்லாததால் கம்பெனியிடம் போய் நிற்க வேண்டிய தேவையும் வரவில்லை.

போனுக்குள் இன்டர்நெட் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. நெட் ஓட வேண்டுமென்றால் அந்தந்தக் கம்பெனியின் ஆக்சஸ் பாயிண்ட் பெயர் போனுக்குள் பதிந்திருக்க வேண்டும். சில கம்பெனிகளுக்கு ப்ராக்ஸி முகவரி, போர்ட் எண் என்று இன்னும் நாலைந்து விவரங்கள் தேவைப்பட்டன. ஓர் எழுத்து பிசகினாலும் பக்கம் திறக்காது. குறிப்பிட்ட எண்ணுக்கு மெசேஜ் அனுப்பினால் எல்லாம் தானாக வந்து பதிந்துகொள்ளும் என்றார்கள். வந்ததைச் சேமிக்க 1234 என்றோ 0000 என்றோ ரகசிய எண் போட வேண்டும். இது கம்பெனியின் பட்டியலில் இருந்த மாடல்களுக்குத்தான். பட்டியலில் இல்லாத போனை வைத்திருந்தவருக்கு எத்தனை தடவை அனுப்பினாலும் ஒன்றும் வராது. ஏன் வரவில்லை என்ற பதிலும் வராது.

வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டால் தமிழுக்கு ஒன்றை அழுத்து, இதற்கு நாலை அழுத்து என்று அலைக்கழித்து, நடுவில் புதுப் பாட்டைக் காலர் டியூனாக வைத்துக்கொள்ளச் சொல்லி, கடைசியில் ஒரு பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான். எதிரே கணினித் திரையில் இருப்பதை அது படிக்கும். போனை அணைத்துப் போடுங்கள், பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள், 24 மணி நேரம் பொறுங்கள். அதற்கு மேல் கேட்டால், கைபேசிக் கம்பெனியிடம் போங்கள் என்று வரும். தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்கு பஸ் ஏறிப் போனால், போன் நன்றாக இருக்கிறது, நெட்வொர்க்கைக் கேளுங்கள் என்பார்கள். என் சொந்தப் போனுக்காக இந்த இரண்டு வாசலுக்கும் இடையில் நான் நடந்திருக்கிறேன். என்னைப்போல அந்த நாளில் நடக்காதவர்கள் குறைவு.

இதற்குக் காரணம் இருந்தது. இந்தியாவில் போனை ஒரு கடையிலும் சிம்மை இன்னொரு கடையிலும் வாங்கினோம். அமெரிக்கா போன்ற நாடுகளில் இணைப்புக் கம்பெனியே போனையும் ஒப்பந்தத்தில் விற்றது. பூட்டிப் பூட்டித்தான் விற்றது என்றாலும், வேலை செய்யாவிட்டால் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. நமக்கோ பிடிக்காத சிம்மைக் கழற்றி எறியும் சுதந்திரம் கிடைத்தது, அது பெரிய நன்மைதான். ஆனால் போனும் சிம்மும் சந்திக்கிற இடத்துக்கு யார் பொறுப்பு என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. போனையும் இணைப்பையும் சேர்த்தே தந்தது சி.டி.எம்.ஏ. என்ற வேறு தொழில்நுட்பத்தில் ஓடிய கம்பெனிகள்தான். 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் போனைக் கையில் கொடுத்தபோது ஊரே வாங்கியது. பிற்பாடு அந்தச் சேவை நின்றதும் வேறு சிம் ஏற்காத அந்தப் போன்களும் கூடவே நின்றுபோயின.

அந்தப் பொறுப்பில்லாத இடத்தில்தான் அண்ணனின் குயர் நோட்டு வந்து உட்கார்ந்தது. அட்டைக்கு மேல் பழைய காலண்டர் தாள் சுற்றியிருக்கும். கம்பெனிக்கு இரண்டு பக்கம். ஆக்சஸ் பாயிண்ட் பெயர் சிவப்பு மையில், ப்ராக்ஸி நீல மையில். அதற்கடுத்த பக்கங்களில் போன் வாரியாக வழி எழுதியிருப்பார். நோக்கியா 5233 என்றால் செட்டிங்ஸ், கனெக்டிவிட்டி, டெஸ்டினேஷன்ஸ், ஆக்சஸ் பாயிண்ட். சாம்சங் என்றால் வேறு வழி. சீனாவிலிருந்து வந்த பெயரில்லாப் போன்களுக்கு, எந்த மெனுவில் எது ஒளிந்திருக்கும் என்று அவரே தட்டித் தடவிக் கண்டுபிடித்ததை அம்புக்குறி போட்டு வரைந்து வைத்திருந்தார். கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள் வாரா வாரம் பைக்கில் வருவார்கள். புது சிம் எத்தனை போட்டீர்கள் என்ற கணக்கைத்தான் கேட்பார்கள். செட்டிங்ஸ் விவரத்தை அவர்களிடம் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. இந்த நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போன பிரதிநிதிகளும் உண்டு.

"செட்டிங்ஸ் வந்துச்சா?" என்பதுதான் அந்தக் கடையின் வரவேற்பு. வந்துச்சு என்றால் சேமித்துத் தருவார். வரவில்லை என்றால், "குடுங்க இப்படி" என்று வாங்கி, நோட்டை விரித்து, ஒவ்வோர் எழுத்தாக அழுத்துவார். ஐந்து ரூபாய் பத்து ரூபாய் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். படிக்கிற பிள்ளைகளிடம் வாங்க மாட்டார். கூகுள் பக்கம் மெதுவாக வெள்ளைத் திரையில் விரிந்து வருவதைப் பார்க்க, வரிசையில் நிற்கிறவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

எங்கள் பெரியண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய போன், எண் பொத்தான்களில் அரபி எழுத்தோடு வந்தது. அந்தப் போனுக்கு உள்ளூர் கம்பெனி செட்டிங்ஸ் அனுப்பவே இல்லை. பின்னாளில் அங்கிருந்து ஐபோன் கொண்டுவந்தவர்களுக்கு வேறொரு குறை. ஐக்கிய அமீரகத்திலும் சவூதியிலும் அப்போது விற்ற ஐபோன்களில் ஃபேஸ்டைம் என்ற வீடியோ அழைப்பு வசதி இல்லை. பிள்ளை முகம் பார்க்கலாம் என்று ஆசையோடு பெட்டியைப் பிரித்த தாய்மார்களுக்கு இதைப் பொறுமையாகச் சொன்னவரும் கடை அண்ணன்தான். 2009 டிசம்பர் முதல் சரியான ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண் இல்லாத போன்களை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. பாதுகாப்புக் காரணம் சொன்னார்கள், அது நியாயம்தான். ஆனால் ஊரில் பாதிப் பேர் கையில் இருந்தது அந்த மாதிரிப் போன். 199 ரூபாய்க்கு எண் பதித்துத் தரும் மையம் எங்கே இருக்கிறது என்று கம்பெனி மெசேஜ் சொல்லவில்லை. அண்ணன் ஒரு தாளில் முகவரி எழுதிக் கடை ஷட்டரில் ஒட்டி வைத்தார்.

இது சிற்றூர்க் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2008 ஆகஸ்ட் 22 அன்று ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தது. ஏர்டெல்லும் வோடஃபோனும் 8 ஜி.பி. போனை 31,000 ரூபாய்க்கு விற்றன. பெயரிலேயே 3ஜி இருந்த அந்தப் போன் வந்த நாளில் நாட்டில் 3ஜி சேவை கிடையாது. பி.எஸ்.என்.எல். 2009-இல் தொடங்கியது. தனியார் கம்பெனிகளுக்கான அலைக்கற்றை ஏலம் 2010 மே மாதம்தான் முடிந்தது. அந்த ஏலத்தில் அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 67,700 கோடி ரூபாய். கம்பெனிகள் அந்தக் கடனைச் சுமந்துகொண்டுதான் சேவையை நடத்தின என்பதும் உண்மை. அந்தச் சுமையில் முதலில் குறைந்தது வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிற ஆட்கள்தான் என்று எங்களுக்குத் தோன்றியது.

அப்பாவுக்கு வந்த கஷ்டம் வேறு வகை. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி மெசேஜ் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. தமிழிலேயே தட்டச்சு செய்து பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பினார். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழ் என்றால் 70 தான். ஒற்றும் கொம்பும் காலும்கூட அந்தக் கணக்கில் சேரும். ஒரு வாழ்த்தை எழுதி முடிப்பதற்குள் மூன்று மெசேஜுக்கான காசு போகும். தீபாவளி, பொங்கல், புத்தாண்டு என்றால் அன்றைக்கு எஸ்.எம்.எஸ். பேக் செல்லாது, முழுக் கட்டணம். மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-இலேயே செல்லினம் என்று கைபேசிக்குத் தமிழ்ச் செயலி செய்து காட்டியிருந்தார். செய்ய முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு பல வருடம் வந்த ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது.

அதற்கும் வழி நோட்டில் இருந்தது. ஓபரா மினி உலாவியில் முகவரி இடத்தில் ஓபரா கன்ஃபிக் என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். அதன் அடியில் இந்திய எழுத்துகளைப் படமாக மாற்றிக் காட்டச் சொல்லும் வரி ஒன்று உண்டு. அதை ஆம் என்று மாற்றிச் சேமித்தால் கட்டமெல்லாம் தமிழாகும். "வாத்தியார் சார், இப்பப் பாருங்க" என்று அண்ணன் நீட்ட, அப்பா முதன்முதலாகக் கையகலத் திரையில் தமிழ் நாளிதழ் படித்தார். கடைக்கு வெளியே நின்றபடியே தலைப்புச் செய்தியை வாய்விட்டு வாசித்தார். பாடத்தைப் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அந்தக் குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது. அவர் போய்ப் பல வருடமாகிறது.

கடையில் அக்காவும் இருப்பார், அண்ணனின் மனைவி. பெண்கள் தங்கள் எண்ணை ஆண்கள் நிற்கும் கடையில் சொல்லத் தயங்கிய காலம் அது. தயக்கத்துக்குக் காரணமும் இருந்தது. அக்கா ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார், எண்ணை எழுதி வாங்கி, ரீசார்ஜ் ஏற்றிவிட்டு, சீட்டைக் கிழித்துக் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். கேட்காமலேயே ஒட்டிக்கொண்ட சேவைகளை நிறுத்துகிற எண்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஜோதிடம், பக்திப் பாட்டு, கிரிக்கெட் செய்தி என்று ஏதோ ஒன்று தானாகச் சேர்ந்துகொண்டு, மாதம் முப்பது ரூபாயைப் பேலன்ஸிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பாட்டியின் முப்பது ரூபாய் அது. இந்தக் கொள்ளை பெருகிப் பெருகி, இப்படிப்பட்ட சேவையைத் தொடங்க இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும், நிறுத்த 155223 என்ற பொது எண் இருக்க வேண்டும் என்று 2013-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. உத்தரவு வரும் முன்பே அக்காவின் விரல்கள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன.

மலிவு ஆண்ட்ராய்டுகள் வந்த பிறகு தொல்லை கூடியது. ஸ்மார்ட்போன் தானாகவே பின்னணியில் நெட்டைத் தொடும். பேக் போடாதவருக்கு அப்போது கட்டணம் 10 கே.பி.க்கு 10 பைசா. கேட்கச் சிறிதாக இருக்கும், ஒரு எம்.பி.க்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆகும். காலையில் ஐம்பது ரூபாய் ஏற்றி, மத்தியானம் பார்த்தால் பேலன்ஸ் இல்லை. பணம் எங்கே என்று கம்பெனியைக் கேட்டால், நீங்கள் பயன்படுத்தினீர்கள் என்பார்கள். டேட்டாவை எப்படி அணைப்பது என்று ஒவ்வொருவருக்கும் அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். டேட்டாவைத் தொடங்கவும் நிறுத்தவும் 1925 என்ற எண் 2015-இல்தான் வந்தது. சிம் அளவு சிறுத்தபோதும் அதே கதை. புது போன் மைக்ரோ சிம் கேட்கும், நானோ சிம் கேட்கும், கம்பெனியிடம் கையிருப்பு இருக்காது. அண்ணன் ஸ்கேல் வைத்துப் பென்சில் கோடு போட்டு, கத்தரிக்கோலால் நறுக்கி, நகம் தேய்க்கும் அரத்தால் ஓரத்தைச் சீவுவார். செப்புத் தகட்டில் கத்தரி பட்டால் சிம் போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவார், நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் போயின. தமிழ்நாட்டில் 1999-இல் தொடங்கிய ஏர்செல்லை மக்கள் தங்கள் ஊர்க் கம்பெனியாகவே பார்த்தார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் அதன் பெயர் இருந்தது. 98 ரூபாய்க்கு ஒரு மாதம் பாக்கெட் இன்டர்நெட் என்று அது கொடுத்ததில் நெட் பழகிய மாணவர்கள் ஏராளம். 2018 பிப்ரவரியில் தமிழகம் முழுக்க அதன் சிக்னல் விழுந்தது, அந்த மாத முடிவில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. வேறு கம்பெனிக்கு எண்ணை மாற்ற வேண்டுமென்றால் அதே சிம்மிலிருந்து 1900-க்கு மெசேஜ் அனுப்பிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும். சிக்னலே இல்லாத சிம்மிலிருந்து எப்படி அனுப்புவது? வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு, எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்தன. வெளிநாட்டில் இருக்கிற மகனுக்குத் தெரிந்த ஒரே எண் அதுவாக இருந்தது. டிராய் தலையிட்டு ஏப்ரல் 15 வரை மாற்றிக்கொள்ள வழி செய்தது. அந்த நாட்களில் எங்கே நின்றால் ஒரு கோடு சிக்னல் வருகிறது என்று தேடி, அங்கே ஆட்களை அழைத்துப்போய் மெசேஜ் அனுப்ப வைத்தார்கள் ஊர் ஊராக இருந்த கடைக்காரர்கள்.

அதற்குள் காலம் புரண்டுவிட்டிருந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. டேட்டா விலை தரைக்கு இறங்கியது, ஏழைக்கும் நெட் கிடைத்தது. அந்த நன்மையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. பேச்சு முழுக்க, 4ஜி வழியாகவே போகும் வோல்ட்டியில்தான். 4ஜி போன் என்று நம்பி வாங்கிய பலருடைய போனில் வோல்ட்டி இல்லாததால் தனிச் செயலி போட்டுத்தான் பேச முடிந்தது. மறுபடியும் கடை வாசலில் கூட்டம். "டேட்டா ஓடுது, போன் போகலையே அண்ணே!" அண்ணன் நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் தொடங்கினார். அநேகமாக அதுதான் கடைசிப் பக்கம்.

ஏனென்றால் ரீசார்ஜ் அவரவர் போனுக்குள் போய்விட்டது. அண்ணனுக்குக் கிடைத்ததே நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் கமிஷன்தான். செட்டிங்ஸ் போட்டதற்கும், சிம் வெட்டியதற்கும், முதியவர்களுக்கு மெசேஜ் படித்துச் சொன்னதற்கும் எந்தக் கம்பெனியும் ஒரு பைசா கொடுத்ததில்லை. 2018 கடைசியில், மாதம் 35 ரூபாயாவது போட்டால்தான் இணைப்பு இருக்கும் என்ற விதி வந்தபோது, 999 ரூபாய் கொடுத்து வாழ்நாள் இணைப்பு வாங்கியவர்கள் அவரிடம்தான் சண்டைக்கு வந்தார்கள். கம்பெனியின் வாக்குறுதிக்கு ஊரில் இருந்த ஒரே முகம் அவர் முகம்.

அதே 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் வட்டாரத்தைப் புரட்டிப்போட்டது. தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தன. கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, டவர்கள் ஊமையாகிவிட்டன. அண்ணன் எங்கிருந்தோ ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து, பலகையில் பிளக்குகளை வரிசையாக அடித்து, ஊர்ப் போன்களுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றினார். டீசலுக்கு மட்டும் பங்கு போட்டு வாங்கினார். எந்தக் கம்பெனிக்கு எந்தத் தெருமுனையில் சிக்னல் திரும்பியிருக்கிறது என்று சாக்பீஸில் எழுதிப் பலகை வைத்தார். அந்தத் தகவலைக் கம்பெனிகளின் எந்த எண்ணிலும் எங்களால் வாங்க முடியவில்லை.

2020 ஊரடங்கில் மூடிய கடை பிறகு திறக்கவில்லை. அண்ணனும் அக்காவும் திருப்பூரில் மகன் வீட்டோடு போய்விட்டார்கள். போன வருடம் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது நோட்டைப் பற்றிக் கேட்டேன். கடையைக் காலி செய்தபோது பழைய பேப்பரோடு போட்டுவிட்டதாகச் சொன்னார். "அதுல இருந்த கம்பெனி பாதி இப்ப இல்ல தம்பி, போன் ஒண்ணுகூட இல்ல." சரிதான். நோக்கியா போன்கள் செய்த ஸ்ரீபெரும்புதூர் ஆலையே 2014 நவம்பரில் மூடிவிட்டது. டாடா டோகோமோ ஏர்டெல்லோடு கரைந்தது, வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாகிப் பெயர் மாறின. செட்டிங்ஸை இன்று யாரும் கையால் அழுத்த வேண்டியதில்லை, சிம்மைப் போட்டதும் பெரும்பாலும் தானே பதிந்துகொள்கிறது.

ஆனால் போனும் நெட்வொர்க்கும் சந்திக்கிற இடத்தில் இருந்த பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. 2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது, 5ஜி போனைக் கையில் வைத்திருந்த பலருக்கும் 5ஜி வரவில்லை. போன் கம்பெனி நம் நெட்வொர்க்குக்கென்று மென்பொருளை மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. ஐபோன்களுக்கு டிசம்பரில்தான் வந்தது. இரண்டு தரப்பையும் அரசு கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. பெரிய விலை கொடுத்து வாங்கியவர்களுக்கே இந்த நிலை என்றால், எங்கள் அம்மாவைப் போன்ற முதியவர்கள் என்ன செய்வார்கள்? அவர் போனில் ஓ.டி.பி. வராமல் போன நாளில் நான் கம்பெனியைக் கூப்பிட்டேன். செயலியைத் திறக்கச் சொன்னது. செயலியில் ஓர் எந்திரம் பேசியது. நான் கேட்ட கேள்வியை அது திரும்பத் திரும்ப என்னிடமே கேட்டது. "அந்தக் கடைத் தம்பிட்ட ஒரு எட்டுக் கொண்டுபோய்க் காட்டிட்டு வாயேன்" என்றார் அம்மா.

அண்ணனுக்குப் பெரிய படிப்பு கிடையாது. அவருக்கு இருந்தது, முன்னால் நிற்கிறவருடைய போன் வேலை செய்யாமல் அனுப்பக் கூடாது என்ற பிடிவாதம். கோடிக்கணக்கான பேர் ஸ்மார்ட்போனுக்குப் பழகியதைக் கம்பெனிகள் தங்கள் சாதனையாகச் சொல்லிக்கொள்கின்றன. அந்தச் சாதனையில் பெரும் பங்கு, எந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலும் இல்லாத இந்த மனிதர்களுடையது. ஒரு சேவையை விற்பவர், அது ஓடாத நாளில் பதில் சொல்ல ஓர் ஆளை, வாங்கியவர் ஊரிலேயே, வாங்கியவர் பேசுகிற மொழியிலேயே வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு புதிதாக வந்ததில்லை. இருபது வருடம் அதை எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் தங்கள் நேரத்திலும் உழைப்பிலும் ஏற்றுக்கொண்டார்கள். இனி அது கம்பெனியின் கணக்கில் ஏறட்டும்.